கிளாம்பாக்கத்துக்கு அப்புறம் என்ன? சென்னைக்கு வருபவர்கள் காரை எங்கே விட வேண்டும்

2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென் மாவட்டத்துக்காரர்கள் வாயில் ஒரே கேள்விதான்: "பஸ் அங்கேயே நின்னுடுது, அதுக்கு அப்புறம்?" கோயம்பேடு என்றால் இறங்கியவுடன் ஊருக்குள் வந்துவிட்ட மாதிரி. கிளாம்பாக்கம் வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து கோயம்பேட்டுக்கே சுமார் 30 கி.மீ. அதிகாலை நான்கு மணிக்கு இரண்டு பையும் தூக்கக் கலக்கமுமாக இறங்குகிறவருக்கு, இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது என்பதே எரிச்சலாக இருக்கும்.

இதனால் பலர் எடுக்கும் முடிவு, "பேசாமல் காரிலேயே போய்விடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரோ பஸ்ஸோ, வெளியூர்க்காரர் கவனிக்க வேண்டியது ஒரே விஷயம்: எந்த இடத்தில் மாறுகிறோம் என்பது. நெடுஞ்சாலையில் காருக்கு நிகரில்லை. அந்தச் சௌகரியம் தாம்பரத்துக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிறகும் அதே வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

சென்னையில் என்னென்ன ஓடுகிறது

வெளியூரில் "சென்னை டிரெயின்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உண்மையில் தண்டவாளத்தில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. மூன்றுக்கும் பாதை வேறு, குணமும் வேறு.

1. புறநகர் மின்சார ரயில். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இன்று தெற்கே செங்கல்பட்டு வரையும், சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கமும், வடக்கே கும்மிடிப்பூண்டி பக்கமும் கிளைகள் போகின்றன. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை, 29 கி.மீ., 10 ரூபாய்.

2. பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், திருமயிலை, திருவான்மியூர் வழியாக வேளச்சேரி வரை. 1995-இல் சேப்பாக்கம், 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி என்று தவணை முறையில் வளர்ந்தது. நிலையங்கள் பிரம்மாண்டமானவை. உள்ளே ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

3. மெட்ரோ. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் பாதையோடு தொடங்கியது. இப்போது முதல் கட்டம் 54 கி.மீ. நீலத் தடம் விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை. பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை. இரண்டும் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடும்.

இதோடு மாநகரப் பேருந்துகள், 3,000-க்கும் மேல். தண்டவாளம் போகாத இடத்துக்கெல்லாம் அவைதான் கதி.

இந்த மூன்று ரயில்களும் ஒன்றையொன்று தொடும் இடங்கள்தான் வெளியூர்க்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியவை: கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல்–பூங்கா நிலையம், அப்புறம் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம். இதற்குமேல் வரைபடம் முழுவதையும் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை.

கார் எங்கே தோற்கிறது

"டிராஃபிக் அதிகம்" என்று ஒரு வரியில் சொல்லி விடுவது வழக்கம். அதற்குள் நாலைந்து தனிக் காரணங்கள் இருக்கின்றன.

1. இடம். நான்கு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் 1,276 பேர் போகலாம். இவர்களே காருக்கு இருவர் வீதம் வந்தால் 638 கார்கள். நகராமல் நிற்கும் நெரிசலில்கூட ஒரு கார் முன்பின் இடைவெளியோடு 7 மீட்டர் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், ஒற்றை வரிசையில் அது கிட்டத்தட்ட நாலரை கி.மீ. கிண்டியிலிருந்து பார்த்தால் அந்த வால் மீனம்பாக்கத்தை நெருங்கிவிடும். காரில் உட்கார்ந்திருப்பவர் நெரிசலில் மாட்டிக்கொண்டதாக நினைக்கிறார். அந்த நெரிசலில் ஏழு மீட்டர் அவருடையது.

2. நிச்சயமின்மை. நான்கு காரணங்களிலும் இதுதான் கனமானது என்பேன். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் எந்த நேரத்தில் ஏறினாலும் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். காரில் அதே தூரம் விடியற்காலையில் ரயிலைவிடச் சீக்கிரம் முடியும். காலை ஒன்பதுக்கு இரண்டு மடங்கு ஆகும், மழை பெய்தால் கணக்கே கிடையாது. பத்து மணிக்கு மருத்துவர் நேரம் கொடுத்திருக்கிறார் என்றால் காரில் வருபவர் மோசமான நாளுக்குத் தயாராகக் கிளம்ப வேண்டும். அப்படிச் சீக்கிரம் கிளம்பி, ஒன்பதேகாலுக்கே வந்து சேர்ந்து, வண்டி நிறுத்த இடம் தேடுவார். "கார் வேகமானது" என்பது சராசரியைப் பார்த்துச் சொல்வது. சராசரியை நம்பி யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

3. நிறுத்துமிடம். ஊருக்குள் வந்த காரின் வேலை பெரும்பாலும் சும்மா நிற்பதுதான். பாரிமுனை, சௌகார்பேட்டை, தி.நகர், மயிலாப்பூர் மாட வீதி எல்லாம் கார்களுக்கு முன்பே உருவான தெருக்கள். உள்ளூர்க்காரருக்கு எந்தச் சந்தில் நிறுத்தலாம் என்று தெரியும். வெளியூர்ப் பதிவெண்ணோடு வருபவர் அதே தெருவை நான்கு முறை சுற்றுவார்.

4. மாறிக்கொண்டே இருக்கும் பாதை. மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கி.மீ., மூன்று தடங்கள். 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. அந்த வேலைக்காக ஆற்காடு சாலை, ராஜீவ் காந்தி சாலை, லஸ், அடையாறு, புரசைவாக்கம் என்று பல இடங்களில் சாலை குறுகி, ஒருவழிகள் மாறின. கைபேசி வரைபடம் நேற்றைய மாற்றுப்பாதையைக் காட்டும். போக்குவரத்துக் காவலர் இன்றைய பாதையைக் காட்டுவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் என்ன என்று அன்று புரியும்.

லண்டன் 2003 பிப்ரவரியிலிருந்து நகர மையத்துக்குள் வரும் காருக்குக் கட்டணம் வாங்குகிறது. சிங்கப்பூர் 1975-இலேயே தொடங்கிவிட்டது. அங்கே வெளியூர்க்காரருக்கு எல்லையிலேயே விலை தெரிந்துவிடும். சென்னையில் அப்படிப் பலகை எதுவும் இல்லை. இங்கே விலையை நேரமாக வசூலிக்கிறார்கள், அதுவும் உள்ளே வந்த பிறகு.

காத்திருப்பு ஒரு கணக்கு

பொதுப் போக்குவரத்தைப் பற்றிய பெரிய புகார் காத்திருப்பு. இதில் ஒரு எளிய விதி உண்டு: ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள இடைவெளியில் பாதிதான் சராசரிக் காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம்.

ஆனால் இந்த விதி, வண்டிகள் சீராக வந்தால்தான் பலிக்கும். பேருந்து ஏன் அரை மணி நேரம் வராமல் அப்புறம் மூன்றாகச் சேர்ந்து வருகிறது? முதல் பேருந்து ஒரு சிக்னலில் சற்றுத் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. எல்லோரையும் ஏற்ற மேலும் தாமதம். பின்னால் வரும் பேருந்துக்கு ஏற்ற ஆளே இல்லாததால் அது விரைவாக வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடுகிறது. ஓட்டுநர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்யும் சதி இல்லை இது, சாலையின் இயல்பு. ரயிலுக்குத் தனித் தடம் இருப்பதால் இந்த நோய் குறைவு.

ஆகவே, நெடுந்தூரத்தை ரயிலில் கடந்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று கி.மீ.க்கு மட்டும் பேருந்தையோ ஆட்டோவையோ நம்புவது நல்லது. பேருந்து தாமதமானாலும் அந்தத் தூரத்தில் நஷ்டம் பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வருவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறைவு. தண்டவாளப் பராமரிப்பையும் அன்றே வைத்துக்கொள்வார்கள். ஞாயிறு அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் காற்றில் போகும்.

எந்தத் திசையிலிருந்து வந்தால் எங்கே மாறுவது

காரை ஊர் ஓரத்தில் விட்டுவிட்டு ரயில் ஏறுவதைப் 'பார்க் அண்ட் ரைடு' என்பார்கள். நிலையத்தில் நிறுத்துமிடம் இருக்கிறதா, கார் நிற்குமா இருசக்கர வண்டி மட்டுமா, இரவு முழுக்க விடலாமா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நிலையத்துக்கு நிலையம் இது மாறும்.

1. திருச்சி, விழுப்புரம் வழியாக ஜிஎஸ்டி சாலையில் வருபவர்கள்: செங்கல்பட்டு அல்லது தாம்பரம். தாம்பரத்திலிருந்து ரயில்கள் அதிகம், செங்கல்பட்டிலிருந்து குறைவு. அப்படியிருந்தும் தொடர் விடுமுறை முடியும் நாளில் செங்கல்பட்டையே சொல்வேன். அன்று கூடுவாஞ்சேரி தொடங்கி பெருங்களத்தூர் வரை வண்டிகள் நிற்கும் அழகைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். போகிற இடம் மெட்ரோ பாதையில் இருந்தால் பரங்கிமலை, ஆலந்தூர் வரை வரலாம். அதற்குக் காலை எட்டுக்கு முன் வந்துவிட வேண்டும்.

2. பெங்களூரு, வேலூர் பக்கமிருந்து: கோயம்பேடு மெட்ரோ. பூந்தமல்லிச் சாலையில் மதுரவாயல் வரை பொறுத்துக்கொண்டால் போதும், கோயம்பேட்டிலிருந்து சென்ட்ரல், எழும்பூர், விமான நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

3. திருப்பதி, திருத்தணி பக்கமிருந்து: திருவள்ளூர் அல்லது ஆவடி, அங்கிருந்து சென்ட்ரல்.

4. நெல்லூர் வழியாக: கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயில். விம்கோ நகர் மெட்ரோ வரைபடத்தில் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அந்தப் பக்கச் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

5. புதுச்சேரி, மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்: திருவான்மியூர் பறக்கும் ரயில். மயிலாப்பூருக்கும் சேப்பாக்கத்துக்கும் இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

பேருந்தில் கிளாம்பாக்கம் வந்து இறங்குபவர்கள் நிலை வேறு. முனையம் திறந்தபோது எதிரே ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து நிலையங்களான வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் பையோடு நடப்பது சுலபமில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15 கி.மீ.க்கு மேல் மெட்ரோவை நீட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். முதலில் தண்டவாளம், அப்புறம் பேருந்து முனையம் என்று செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. சரி, நடைமுறைக்கு வருவோம். முனையத்துக்குள்ளேயே மாநகரப் பேருந்து நிற்கும் பகுதி தனியாக உண்டு. அங்கே ஏறித் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலைப் பிடிப்பது, கோயம்பேடு வரை பேருந்திலேயே உட்கார்ந்து வருவதைவிட நல்லது, குறிப்பாகப் பகலில். விடியற்காலை மூன்றரை மணிக்கு நேர்மாறு. அப்போது சாலை காலியாக இருக்கும், மெட்ரோ தொடங்கியிருக்காது. எனவே நேராகப் பேருந்திலேயே போய்விடலாம்.

ஓர் உதாரணம்: தி.நகருக்குப் பட்டு எடுக்க

விழுப்புரம் பக்கமிருந்து நான்கு பேர் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

காரில் வந்தால் தாம்பரம், குரோம்பேட்டை, கத்திப்பாரா, சைதாப்பேட்டை, அப்புறம் உஸ்மான் சாலை. கடை வாசலில் அம்மாவையும் அத்தையையும் இறக்கிவிடுவார்கள். ஓட்டி வந்தவர் வண்டி நிறுத்தப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் மேலே மூன்றாவது மாடியில் பாதிப் புடவை தேர்வாகியிருக்கும். நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் அவருக்குப் போய்விடும்.

ரயிலில் வந்தால் தாம்பரத்திலிருந்து மாம்பலம். நடைமேடைப் படியேறிக் கிழக்குப் பக்கம் இறங்கினால் கால் படுவதே ரங்கநாதன் தெருவில்தான். இடையில் சாலை கடப்பதும் இல்லை, ஆட்டோ பேரமும் இல்லை. மல்லிப்பூவும் வறுத்த வேர்க்கடலையும் விற்பவர்களைத் தாண்டினால் கடை. அந்தத் தெருக் கூட்டத்துக்குள் முட்டி மோத விருப்பமில்லாதவர்களுக்கு 2023 மே மாதம் ஆகாய நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை அரை கி.மீ.க்கு மேல் தலைக்கு மேலேயே நடக்கலாம்.

பணக் கணக்கு: தாம்பரம்–தி.நகர் போய்வர 40 கி.மீ. ஊருக்குள் லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும் கார், லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் பெட்ரோல் மட்டும் 330 ரூபாய் சொச்சம், நிறுத்துமிடக் கட்டணம் தனி. ரயிலில் தலைக்கு ஒரு வழிக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் நால்வருக்குப் போக வர 80 ரூபாய், தாம்பரத்தில் வண்டி நிறுத்தும் செலவு சேரும். குளிரூட்டிய மின்சார ரயில் 2025 ஏப்ரலில் வந்தது. அதன் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய் என்பதால், நால்வர் போனால் இந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். கார் ஓட்டுவதில் மிச்சம் இல்லை என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு. ரயிலேற இருநூறு ரூபாய் மிச்சம் ஒரு பெரிய காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தி.நகரில் அது ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய்விடும்.

எப்போது கார்தான் சரி

நோயாளியை அழைத்து வரும்போது, இரவு பதினொன்றுக்கு மேல் திரும்பும்போது, ஒரே நாளில் அம்பத்தூர், மேடவாக்கம், எண்ணூர் என்று திசைக்கொன்றாக மூன்று வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கும்போது காரைத் தவிர வேறு வழியைச் சொல்வது வறட்டுப் பிடிவாதம். சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் போவதற்கும் இரண்டாம் கட்ட மெட்ரோ வரும் வரை சாலைதான்.

படிக்கட்டையும் மறந்துவிடக் கூடாது. புறநகர் நிலையங்கள் பலவற்றில் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படி ஏறித்தான் ஆக வேண்டும். முட்டி வலி உள்ள பாட்டியோடு வருபவர்கள், மின்தூக்கி உள்ள மெட்ரோவை ஒட்டியே பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது, சுற்றாக இருந்தாலும். இல்லாவிட்டால் கடைசித் துண்டுக்கு ஆட்டோ. 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 12 ரூபாய். அந்த மீட்டரைப் போடச் சொன்னால் ஓட்டுநர் சிரிப்பார். செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவதே நடைமுறை.

டிக்கெட் எடுப்பது

முன்பெல்லாம் மூன்று வண்டிக்கு மூன்று வரிசை. போக்குவரத்துத் துறைகளை ஒருங்கிணைக்க அமைந்த கும்டா குழுமம் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியைக் கொண்டுவந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதில் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாம். அடிக்கடி வருபவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வைத்துக்கொள்ளலாம், மெட்ரோ வாசலில் காட்டினால் கதவு திறக்கும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமே இல்லை. சென்னை முகவரி காட்டத் தேவையில்லை, திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்கும் இது பொருந்தும். நடத்துநரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. பெரும்பாலோர் போகும் வழியைத் தேடிவிட்டு, திரும்புவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை மாம்பலத்தில் தாம்பரம் ரயில் பிதுங்கி வழியும். நான்கு துணிப்பையும் ஒரு பாத்திர மூட்டையுமாக அதில் ஏறுவது நடக்காத காரியம். ஐந்து மணிக்கு முன் கிளம்ப வேண்டும், அல்லது ஒரு காபி குடித்துவிட்டு எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். காரை மெட்ரோ நிலையத்தில் விட்டிருந்தால் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.